கவிஞர் கிலுகிலுப்பைக்கு ஒரு நிமிட மௌனம்

அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கட்டடம் திறந்த நாளிலிருந்து சிரித்ததில்லை. ஊரில் யாரும் அதைக் குறையாகச் சொன்னதில்லை. தேர்ச்சி விகிதம் நன்றாகவே இருந்தது. ஆனால் ஆய்வுக்கு வந்த மேலதிகாரி ஒருவர், சத்துணவைக் கொஞ்சம் ருசி பார்த்துவிட்டு, "பிள்ளைங்க சிரிச்சா இன்னும் நல்லா இருக்கும்" என்று சொல்லி ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். சொன்னது மேலதிகாரி. சிரித்துத்தான் ஆகவேண்டும்.

ஆகவே ஒரு சிரிப்புக் கவிஞரை அழைப்பது என்று முடிவானது. ஊரில் ஒருவர்தான் இருந்தார். கவிஞர் கிலுகிலுப்பை போட்டியின்றித் தேர்வானார்.

கிலுகிலுப்பையின் சொந்தப் பெயர் நஞ்சப்பன். கூட்டுறவுச் சங்கத்தில் உரமூட்டை எடை போட்டு ஓய்வு பெற்றவர். குழந்தைகளுக்காக மூன்று பாட்டுப் புத்தகம் எழுதியிருந்தார். ஒவ்வொன்றின் அட்டையிலும் 'நகைச்சுவைப் பாடல்கள்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். போடாவிட்டால் தெரியாது. அவரே அதை எல்லோரிடமும் சொல்லுவார். சொன்னால் ஜனங்கள் சிரிப்பார்கள். புத்தகத்தை வாசித்து இதுவரை யாரும் சிரித்ததில்லை.

தலைமையாசிரியை கோகிலவாணியும் பி.டி. மாஸ்டர் சென்னியப்பனும் தாம்பாளத்தில் பழம், வெற்றிலை பாக்கு வைத்து எடுத்துக்கொண்டு முறையாக வீட்டுக்கு வந்தார்கள். அவர்கள் உட்கார்ந்ததும் கூடம் ஒரு வகுப்பறை அளவுக்கு அகலமானது. நஞ்சப்பனின் மனைவி சாந்தாமணி அதைப் பார்த்துவிட்டு, இனிமேல் கூட்டிப் பெருக்க எச்சா நேரமாகும் என்று கவலைப்பட்டாள்.

"நீங்கதானுங்களா சிரிக்க வெக்கற கவிஞரு?" என்றார் தலைமையாசிரியை.

"ஆமாங்க டீச்சர்."

"எங்க பிள்ளைங்களைச் சிரிக்க வெச்சிருவீங்களா?"

"வெச்சிரலாமுங்க."

"சத்தமில்லாமச் சிரிக்கற மாதிரி பாட்டு ஏதாச்சு இருக்குதுங்களா? பக்கத்துல கணக்குப் பரீட்சை நடக்கும்."

நஞ்சப்பன் யோசித்தார். "என்ற பாட்டு எல்லாமே அப்படித்தானுங்க" என்றார்.

"ஒண்ணு சொல்லுங்க, பாக்கலாம்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தன்னுடைய ஆகச்சிறந்த பாட்டைச் சொன்னார்.

*பூசணிக்காய் பூட்ஸ் போட்டுச்சு*
*பஸ்ஸைப் பிடிக்க ஓடுச்சு*
*பாதி வழியில் நின்னுச்சு*
*காலே இல்லைன்னு சொல்லுச்சு!*

தலைமையாசிரியை சுவரைப் பார்த்தார். சென்னியப்பன் தலைமையாசிரியையைப் பார்த்தார். கூடம் பழைய அளவுக்குச் சுருங்கியது.

"அப்புறமுங்க?" என்றார் தலைமையாசிரியை.

"அவ்வளவுதானுங்க."

"நல்ல கருத்துங்க."

நஞ்சப்பனுக்கு அந்த 'அப்புறம்' பழகிய வலி. பல வருடங்களுக்கு முன்னால் இதே பாட்டை ஐந்து வயது மகனுக்குச் சொன்னார். பிள்ளை கடைசி வரைக்கும் கவனமாகக் கேட்டான். கேட்டுவிட்டு, "அப்புறம்?" என்றான். இப்போது அவன் திருப்பூரில் பனியன் கம்பெனி சூப்பர்வைசர். தீபாவளிக்கு வரும்போதெல்லாம், அவன் இன்னும் பதிலுக்குக் காத்திருக்கிறான் என்றே நஞ்சப்பனுக்குத் தோன்றும். ஒரே ஒரு குழந்தை, ஒரே ஒரு தடவை, தன் பாட்டுக்குச் சிரித்துவிட்டால் போதும். அதற்குப் பிறகு வேண்டுமானால் எழுதுவதை விட்டுவிடலாம். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் உடனே விட்டுவிடச் சொல்வார்கள்.

"வர்றேனுங்க" என்று தாம்பாளத்தை வாங்கிக்கொண்டார்.

தலைமையாசிரியை விதிமுறைகளைச் சொன்னார். ஃப்ளெக்ஸ் அடிக்க ஒரு நல்ல படம் வேண்டும். சிறப்பு விருந்தினர் பூட்ஸ் போட்டிருக்க வேண்டும். போன வருடம் வந்தவர் போட்டிருந்தார். எல்லாவற்றையும் விட முக்கியம், அவர் நேரத்துக்கு வந்துவிடக் கூடாது.

"முன்ன ஒருத்தரு நேரத்துக்கு வந்து, எல்லாத்துக்கும் பெரிய சங்கடமாப் போச்சுங்க" என்றார் சென்னியப்பன். சொல்லும்போதே அவருக்கு வியர்த்தது.

படத்துக்கு நஞ்சப்பன் பெட்டியைத் திறந்தார். தலை நிறைய முடியோடு இருந்த கடைசிப் படம் கல்யாணப் படம்தான். கத்தரிக்கோலால் சாந்தாமணியை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தைக் கொடுத்தார். அவளுடைய தோள் மட்டும் படத்தில் நின்றுவிட்டது.

"என்ற தோளை என்ன பண்றது?" என்றாள் அவள்.

"ஆரு பாக்கப் போறாங்க" என்றார் அவர்.

விழா நாளன்று, மில்லில் செக்யூரிட்டியாக இருந்த மச்சானின் பூட்ஸை வாங்கிப் போட்டுக்கொண்டார். கறுப்பு பூட்ஸ். ஒரு அளவு சின்னது. மேலே புது வேட்டி. பூட்ஸ் வெளியே தெரிந்தால் தன் வயிற்றுக்கும் பூட்ஸுக்கும் சேர்ந்து கோமாளியாகத் தெரிவோம் என்று வேட்டியைத் தரையைத் தொடும்படி இறக்கிக் கட்டிக்கொண்டார். சிரிப்புக் கவிஞர் ஒருவர் கோமாளியாகத் தெரிந்துவிடக் கூடாதே என்று கவலைப்பட்டதில் உள்ள கோளாறு அவருக்கு அப்போது உறைக்கவில்லை.

"கடிக்குமுங்க" என்றாள் சாந்தாமணி.

"கடிச்சாக் கடிக்கட்டும். நீ முன்னால போய் உக்காரு. நான் நேரங்கழிச்சு வர்றேன்."

பள்ளிக்கூடம் அவர்கள் வீட்டுக்கு எதிரே இருந்தது. ஆகவே நேரங்கழித்துப் போவது எளிதாக இல்லை. வீட்டு வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். அதுவும் போதாது என்று தோன்றியது. கடைசியில் பள்ளிக்கூடத்து வராந்தா அவருக்கு உதவியது. அவர் ஏறியதும் அது நீள ஆரம்பித்தது. ஐந்தாம் வகுப்பைக் கடந்தால் இன்னொரு ஐந்தாம் வகுப்பு வந்தது. எல்லா வகுப்பிலும் ஒரே உலக வரைபடம், அதில் ஒரே நாட்டின் மேல் ஒரே பல்லி. பூட்ஸ் ஒவ்வொரு எட்டுக்கும் கடித்தது. குதிகாலிலும் சுண்டுவிரலிலும் கடித்தது. நஞ்சப்பன் மனதுக்குள் பாட்டுகளைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தார். இடையிடையே நின்று, பிள்ளைகள் சிரித்து ஓய்வதற்கு நேரம் விட்டார். அந்த ஒத்திகையில் அவர்கள் நன்றாகச் சிரித்தார்கள்.

வராந்தா முடிந்த இடத்தில் மைதானம் இருந்தது. அங்கே அவர் பிரம்மாண்டமாக நின்றுகொண்டிருந்தார்.

ஃப்ளெக்ஸ் வேப்பமரத்தைவிட உயரம். தலை நிறைய முடி. ஓரத்தில் சாந்தாமணியின் தோள் மட்டும் ஒரு ஆள் உயரத்துக்கு இருந்தது. படத்துக்குப் பெரிய மாலை போட்டிருந்தது. கீழே குத்துவிளக்கு எரிந்தது. யாரோ ஊதுபத்தியும் கொளுத்தி வாழைப்பழத்தில் குத்தி வைத்திருந்தார்கள். கணக்குப் பரீட்சை வகுப்பைத் தவிரப் பள்ளிக்கூடம் முழுவதும் எழுந்து, தலைகுனிந்து, கைகட்டி நின்றது.

நஞ்சப்பன் பக்கத்தில் நின்ற சென்னியப்பனைத் தொட்டார்.

"என்னங்க இது?"

"வாங்க. வரிசையில நில்லுங்க."

"நான் உயிரோட இருக்கறேனுங்களே."

"தெரியுதுங்க. இருந்தாலும் மாலை போட்டாச்சுங்க."

"ஏனுங்க போட்டீங்க?"

சென்னியப்பன் குரலைத் தாழ்த்திக்கொண்டு பொறுமையாக விளக்கினார். "நீங்க வர நேரமாச்சுங்க. உங்களுக்கு வாங்குன மாலை வெயில்ல வாடிருமேன்னு படத்துக்குப் போட்டோம். விழாவுக்கு ஏத்துன வெளக்கு காத்துல அணையப் பாத்துச்சு. ஃப்ளெக்ஸ் மறைப்புல கொண்டுபோய் வெச்சோம். பிள்ளைங்க வந்துச்சுங்க. பாத்துச்சுங்க. தானா எந்திரிச்சுத் தலைகுனிஞ்சு நின்னுருச்சுங்க. அவ்வளவு ஒழுக்கமுங்க. அதுக்கப்புறம் நாங்க என்ன பண்றதுங்க?"

நஞ்சப்பன் ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தார். மாலை வாடத்தான் செய்யும். விளக்கு அணையக் கூடாதுதான். ஒரு இடத்திலும் தப்பு அகப்படவில்லை.

"படத்துல இருக்கறவரு வேற, நீங்க வேறன்னு வெச்சுக்கலாமுங்களா?" என்று சென்னியப்பன் உதவ முன்வந்தார். "அவருக்கு முடி இருக்குது பாருங்க."

நஞ்சப்பனுக்கு ரோஷம் வந்தது. "ரெண்டும் நான்தானுங்க."

"அப்படின்னா ஒண்ணும் பண்ண முடியாதுங்க. நில்லுங்க."

மேடையில் தலைமையாசிரியை மைக்கைப் பிடித்தார். வரவேற்புரைக்காக எழுதிக் கொண்டுவந்ததையே இரங்கலுரையாகப் பேசினார். 'இருக்கிறார்' என்று வந்த இடத்தில் எல்லாம் 'இருந்தார்' என்று மாற்றிக்கொண்டார். மற்றபடி பொருத்தமாகவே இருந்தது.

நஞ்சப்பன் ஓடிப்போய்த் தடுத்திருக்க வேண்டும். தடுக்கத்தான் நினைத்தார். ஆனால் தலைமையாசிரியை அந்த நேரம் பார்த்து, "குழந்தை இலக்கியத்தின் இமயம்" என்றார். உயிரோடு இருந்தவரைக்கும் நஞ்சப்பனை யாரும் ஒரு குன்று என்றுகூடச் சொன்னதில்லை. இந்த வாக்கியம் முடியட்டும், அப்புறம் போய்ச் சொல்லலாம் என்று நின்றார். வாக்கியம் முடியவில்லை. அதற்குள் அவர் ஈடு செய்ய முடியாத இழப்பாகிவிட்டார். யாருக்கு என்று கேட்கும் நிலையில் அவர் இல்லை. காதுமடல் சூடாகும் அளவுக்குச் சந்தோஷமாக இருந்தது.

பிறகு தலைமையாசிரியை பூசணிக்காய்ப் பாட்டைச் சொன்னார். வரி வரியாக, நிறுத்தி நிறுத்தி, இரண்டு தடவை சொன்னார். கடைசி வரி வந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஓடுகிறோம், ஓடுகிறோம், பாதி வழியில்தான் காலே இல்லை என்று தெரிகிறது. வாழ்க்கையின் நிலையாமையை இதைவிட யார் சொல்ல முடியும்?"

நஞ்சப்பனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பாட்டில் அப்படி ஒரு விஷயம் இருந்தது அவருக்கே தெரியாது. வீட்டுக் கூரையில் காய்த்த பூசணியைப் பார்த்து, உர மூட்டையின் மேல் உட்கார்ந்து எழுதிய பாட்டு அது. பிள்ளைகளைப் பார்த்தார். எல்லா முகமும் நிலையாமையைப் புரிந்துகொண்டு வாடியிருந்தது. இனிமேல் இந்தப் பாட்டுக்கு எந்தப் பிள்ளையும் சிரிக்காது. இமயமாக ஆனதும், இருந்த ஒரே பூசணிக்காயும் போயிற்று.

"இப்பொழுது ஒரு நிமிட மௌன அஞ்சலி" என்றார் தலைமையாசிரியை.

சென்னியப்பன் விசில் அடித்தார். மௌனம் தொடங்கியது.

நஞ்சப்பனும் தலைகுனிந்து நின்றார். சின்ன வயதில் அடி வாங்கிப் பழகிய உடம்பு. விசில் கேட்டால் தானாக நின்றுவிடும்.

ஒரு நிமிடம் ஆனது. முடிக்க விசில் அடிக்க வேண்டும். சென்னியப்பன் விசிலை வாயில் வைத்தார். அடித்தால் மௌனம் கலைந்துவிடும் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. எடுத்துவிட்டார். தலைமையாசிரியையைப் பார்த்தார். அவராலும் பேச முடியாது. மௌனம்.

அந்த நிமிடம் அப்படியே நீண்டது. வெயில் மைதானத்தைக் கடந்து அந்தப் பக்கம் போயிற்று. சத்துணவுச் சாம்பார் கொதித்து, ஆறி, மறுபடி கொதித்தது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் சட்டை மெதுவாகச் சின்னதாகிக்கொண்டே வந்தது. நின்ற வாக்கிலேயே அவர்கள் இரண்டாம் வகுப்புக்குத் தேறினார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சாந்தாமணி, மடியில் சாப்பாட்டுத் தூக்குப்போசியை வைத்துக்கொண்டு, ஃப்ளெக்ஸில் இருந்த தன் தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் நஞ்சப்பனுக்கு ஒன்று உறைத்தது. பூட்ஸ் கடிக்கவில்லை.

குதிகாலில் கடி இல்லை. சுண்டுவிரலில் இல்லை. விரலை அசைத்துப் பார்த்தார். அசைந்ததா என்று தெரியவில்லை. கீழே பார்த்தார். வேட்டி தரை வரைக்கும் இருந்தது. அதற்குள் என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து சொல்ல வழியில்லை. அவருக்குப் பயம் வந்தது. நிஜமான பயம். மாலை போட்டது, விளக்கு ஏற்றியது, பாட்டுக்குப் பொருள் சொன்னது எல்லாம் ஒரு பக்கம். கால் இல்லாமல் வீட்டுக்கு எப்படிப் போவது? மச்சானுக்குப் பூட்ஸை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

தலையை நிமிர்த்தினார். முன்வரிசையில் நாலாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரட்டைச் சடை, முன்பல் ஒன்று விழுந்திருந்தது. ஃப்ளெக்ஸைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். முடியைக் கழித்துவிட்டு மறுபடி ஃப்ளெக்ஸைப் பார்த்தாள். மாலை போட்ட படத்தில் இருப்பவர் இங்கே எப்படி நிற்கிறார் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. அவள் கண் நேராக அவருடைய காலுக்கு இறங்கியது.

பேய்க்குக் கால் கிடையாது. இது நாலாம் வகுப்புக்கு வருவதற்கு முன்பே எல்லாப் பிள்ளைக்கும் தெரிந்துவிடும்.

அவள் கண்ணைச் சிமிட்டாமல் வேட்டியின் கரையைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே சந்தேகம். பேச முடியாது. நஞ்சப்பன் குனிந்து, வேட்டியை இரண்டு கையாலும் பிடித்து, மெதுவாகத் தூக்கினார். அவளுக்குக் காட்டுவதற்காக அல்ல. தனக்கே தெரிய வேண்டியிருந்தது.

இரண்டு கறுப்பு பூட்ஸ் வெளியே வந்தன.

அதற்கு மேலே வெள்ளை வேட்டி. அதற்கு மேலே உருண்டையான வயிறு. அதற்கு மேலே தன் காலைத் தானே தேடிப் பார்க்கும் ஒரு முகம்.

சிறுமியின் உதடு பிரிந்தது. பல் விழுந்த ஓட்டை வழியாக ஒரு சின்னக் காற்று வந்தது. அவள் வாயைப் பொத்தினாள். தோள் குலுங்கியது. "பூசணிக்கா!" என்றாள்.

பக்கத்தில் இருந்தவள் நஞ்சப்பனைப் பார்த்தாள். பூட்ஸைப் பார்த்தாள். "பூட்ஸ் போட்டுருக்குது!" என்றாள். வரிசை முழுக்கத் திரும்பியது. அப்புறம் அது யார் கையிலும் இல்லை. இத்தனை வருடமாகச் சிரிக்காமல் வைத்திருந்தது எல்லாம் ஒட்டுக்கா வந்தது. பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்கள். ஒருவன் "காலே இல்லைன்னு சொல்லுச்சு" என்று கத்திவிட்டு மூச்சுத் திணறினான். கணக்குப் பரீட்சை எழுதிய வகுப்பிலும் சிரிப்புக் கேட்டது. எதற்கென்று தெரியாமலே சிரித்தார்கள். ஃப்ளெக்ஸ் ஒரு பக்கம் சாய்ந்தது.

நஞ்சப்பன் வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றார். இறக்க மனம் வரவில்லை. அவருக்கு அழுகை வந்தது. அழுதார். அழுததைப் பார்த்துப் பிள்ளைகள் இன்னும் சிரித்தார்கள். அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

சென்னியப்பன் நிம்மதியாக நீளமாக ஒரு விசில் அடித்தார். மௌனம் கலைந்துவிட்டதால் இப்போது தடையில்லை.

"சிரிச்சவங்க எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்க!" என்று மைக்கில் கத்தினார் தலைமையாசிரியை. கத்தி முடிப்பதற்குள் அவர் வாயும் கோணியது. முந்தானையால் மறைத்துக்கொண்டார்.

எல்லாம் அடங்க வெகுநேரம் ஆனது. நஞ்சப்பன் மேடைக்கு அருகில் போய் நின்றார்.

"டீச்சர், இப்ப நானு இருக்கறனா இல்லையான்னு…"

தலைமையாசிரியை யோசித்தார். "பாதியில சிரிச்சுட்டா அஞ்சலி செல்லாதுங்க."

"அப்படின்னா?"

"இன்னொரு நாள் பாத்துக்கலாமுங்க. அவசரமில்லீங்க."

சாந்தாமணி எழுந்தாள். தூக்குப்போசியை நாற்காலியில் வைத்தாள். சாய்ந்து கிடந்த ஃப்ளெக்ஸிடம் போய், மாலையை எடுத்து, சம்பங்கியை ஒதுக்கிவிட்டு நடுவில் இருந்த மல்லிகையை மட்டும் ஒரு முழம் பிரித்தாள். எல்லோரும் பார்க்க, நிதானமாகத் தலையில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா, அது இறந்தவருக்குப் போட்டதுங்களே" என்றார் தலைமையாசிரியை.

"வாடிருமுங்க" என்றாள் சாந்தாமணி.

மாலை வாடத்தான் செய்யும்.

இரண்டு பேரும் வராந்தா வழியாகத் திரும்பினார்கள். வராந்தா இன்னும் நீண்டுகொண்டுதான் இருந்தது. ஐந்தாம் வகுப்பு, அடுத்து ஐந்தாம் வகுப்பு. வரைபடத்தில் பல்லி பக்கத்து நாட்டுக்குப் போயிருந்தது. பின்னால் மைதானத்தில் யாரோ ஒரு பிள்ளை ஞாபகம் வந்து மறுபடி சிரித்தது. நஞ்சப்பன் நின்று கேட்டார். பிறகு நடந்தார். நடை கொஞ்சம் நொண்டியது.

சாந்தாமணி திரும்பிப் பார்த்தாள். "பூட்ஸ் கடிக்குதுங்களா?"

"கடிக்குது புள்ள" என்றார் நஞ்சப்பன். "ரெண்டு காலுலயும் கடிக்குது."